மேல் பார்த்து ஓடும் பெல்ட்

காலுல பட்டுருச்சுங்களா? பாத்துங்க, பையில இரும்பு இருக்குது. சீட்டுக்கு அடியில தள்ளி வெக்கலாம்னு பாத்தா இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு அது முன்னால ஓடிப் போய் அவன் காலுக்கடியிலயே நின்னுக்கும். மடியிலயே வெச்சுக்கறேன். கனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. முப்பத்தி நாலு வருசம் மில்லுல மெயின்டனன்ஸ் ஃபிட்டரா இருந்தவன். இதைவிடக் கனத்தையெல்லாம் தூக்கியாச்சு.

என்னன்னு பாக்கறீங்களா? பாருங்க. இது புல்லி, ரெண்டு. லேத்துல நானே நின்னு கடைஞ்சது. இது தகடு. மூலையை எப்படி உருட்டி விட்டிருக்குதுன்னு பாருங்க, கையை வெச்சுத் தேச்சாலும் கீறாது. இத்தனையும் என்ற தங்கச்சி இன்னைக்கு ஒரு பழைய துணிப்பையில போட்டு, "உங்க சாமானுங்ணா, எடுத்துட்டுப் போங்க"ன்னு குடுத்தா. குடுத்தது பெருசில்லீங்க. துடைச்சுக் குடுத்திருக்கா. எண்ணெய் போட்டுத் துடைச்சு, ஒவ்வொண்ணையும் பேப்பர்ல சுத்திக் குடுத்திருக்கா. அசலாள் சாமானைத் திருப்பிக் குடுக்கறப்ப அப்படித்தானே குடுப்போம்.

அதைக்கூடப் பொறுத்துக்குவேன். ஆறு மாசத்துக்கு முன்னால ஒண்ணு சொன்னா பாருங்க, அதைத்தான் என்னால பொறுக்க முடியலை. "இனிமே வர்றதுன்னா ஒரு போன் பண்ணிட்டு வாங்ணா." அண்ணன்காரன் தங்கச்சி ஊட்டுக்குப் போறதுக்குப் போன் பண்ணிட்டுப் போகோணுமாம். நான் என்ன கேஸ் சிலிண்டர் கொண்டாந்து போடறவனா?

பதினோரு வருசமுங்க. அவ ஊட்டுக்காரர் தவறுனதுல இருந்து ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா கணபதியில இருந்து பஸ் ஏறித் திருப்பூர் போயிருவேன். தண்ணித் தொட்டி கழுவி விடுவேன், பியூஸ் போயிருந்தாப் போட்டுக் குடுப்பேன், ரேசன் கடைக்குப் போயிட்டு வருவேன். மத்தியானம் சோறு உண்டுட்டுத் திரும்புவேன். ஒரு வாரம் போகலீன்னா அவளே கூப்புடுவா. "ஏனுங்ணா, மேலுக்கு முடியலீங்களா"ம்பா. அப்படி இருந்த ஊடுங்க. இப்ப அந்த ஊட்டு வாசல்ல பெல் அடிச்சுட்டு நிக்கறேன்.

வசந்தாமணின்னு பேரு, ஊட்டுல மணிம்போம். எனக்கு ஒம்பது வருசம் எளையவ. பனியன் கம்பெனியில பிசிறு வெட்டற பொம்பளைங்க கையில சின்னதா ஒரு கத்திரி வெச்சிருப்பாங்கல்லங்க, டிரிம்மரும்பாங்க, அதுக்குச் சாணை புடிக்கறா. டைலருங்க வெச்சிருக்கற பெரிய கத்திரிக்கும் புடிக்கறா. ஊட்டுக்குப் பின்னால பழைய பாத்ரூமை இடிச்ச எடத்துல தகரம் போட்டு ஒரு ஷெட்டு. அதுக்குள்ள ஒரு சின்ன பெல்ட் கிரைண்டர். உங்களுக்கு அது தெரியுமோ என்னமோ. மேல ஒரு உருளை, கீழ ஒரு உருளை, ரெண்டையும் சுத்தி ரெண்டு இஞ்ச் அகலத்துக்கு உப்புத்தாள் பெல்ட்டு ஓடும். கீழ மோட்டார் இருக்கும். ஓடற பெல்ட்டுல கத்திரியைக் காமிச்சாக் கூராயிரும். அவ்வளவுதான் மெஷினு.

அதை அவ பழசுல வாங்குனா. ஊட்டுல ஒரு ஃபிட்டர் அண்ணன் இருக்கறான், ஒரு வார்த்தை கேக்கோணுமா இல்லையா? கேக்கலை. வாங்கி வெச்சு, பழகி, நாலு கம்பெனி புடிச்ச பொறவுதான் எனக்கே தெரியும். யாருகிட்டக் கத்துக்கிட்டான்னு கேக்காதீங்க, எங்கிட்ட இல்லை.

சரி, வாங்கிட்டா. நான் போய்ப் பாத்தேன். பாத்ததும் எனக்குத் தலை சுத்திருச்சுங்க. மெஷினு ஆமையாட்டம் சுத்துது. மோட்டார்ல இருக்கற புல்லியைச் சிறுசாப் போட்டு, அந்தப் பக்கம் பெருசாப் போட்டு, இருக்கற வேகத்துல பாதியைக் கொன்னு வெச்சிருக்கறா. அது ஒண்ணு. ரெண்டாவது, ஆணியில ஏழெட்டுப் பெல்ட்டு தொங்குது, எல்லாம் தேஞ்சு வழுவழுன்னு ஆனது, தொட்டா உப்புத்தாளுன்னே தெரியாது. கருமி மாதிரி அதையும் போட்டு ஓட்டறா. மூணாவதுதான் பெரிய கொடுமை. பெல்ட்டு தலைகீழா ஓடுது. எந்த ஊருலயும் அந்தப் பெல்ட்டு மேல இருந்து கீழ ஓடும். அப்பத்தான் தூளும் பொறியும் கீழ போகும். இவ மெஷினுல கீழ இருந்து மேல ஓடுது. அத்தனை தூளும் மூஞ்சிக்கு வருது. மெஷினுக்காரன் மூடி மேல அம்புக்குறி போட்டுக் குடுத்திருக்கறான், கீழ் பாத்து. பெல்ட்டுக்காரன் பெல்ட்டுக்கு உள்பக்கம் அம்புக்குறி போட்டுக் குடுத்திருக்கறான். இவ ரெண்டுக்கும் எதுராத்தான் ஓட்டுவேன்னு ஓட்டறா. மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு, அந்தத் தூளுக்குள்ள நிக்கறா.

எனக்கு மனசு கேக்குமா, சொல்லுங்க. கூடப் பொறந்தவ.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லுவேன். "அம்மிணி, இதை நான் சரி பண்ணிக் குடுக்கறேன்." அவ என்ன சொல்லுவா, "இருக்கட்டுங்ணா". அடுத்த வாரமும் சொல்லுவேன், "இருக்கட்டுங்ணா"ம்பா. இருக்கட்டும்னா என்னங்க அர்த்தம்? இப்ப வேண்டாம், நேரம் வரட்டும்னு அர்த்தம். பண்ணாதீங்கன்னு சொன்னாளா? ஒரு தடவை சொல்லலீங்க. இன்னைக்கு வேணா வந்து நிக்கட்டும், நான் கேக்கறேன்.

நேரம் தை மாசத்துல வந்துச்சு. தாராபுரத்துல அவ மகளுக்குக் கொழந்தை பொறந்துருச்சு. இவ போய் மூணு நாள் இருந்துட்டு வர்றேன்னு கெளம்பிட்டா. அவசரத்துக்கு வெச்சுக்கங்கன்னு ஒரு சாவி எப்பவும் எங்கிட்ட இருக்கும். நான் டூல்ஸ் பையைத் தூக்குனேன். என்ற ஊட்டுக்காரி வாசப்படியில நின்னுக்கிட்டு, "உங்களுக்குக் கை சும்மாவே இருக்காதுங்களா"ன்னா.

அவளுக்கு அந்தக் கோவம் வேற விசயத்துலங்க. மாவாட்டற கிரைண்டர் முக்கா மணி நேரம் ஓடுதேன்னு நான் புல்லி மாத்திக் குடுத்தேன். கால் மணி நேரத்துல ஆட்டிருச்சு. உலகத்துல எவளாவது சந்தோசப்படுவா. இவ, மாவு சூடாவுது, இட்லி கல்லாட்டம் வருதுன்னு மூணு வருசமாப் பாட்டுப் பாடறா. கல்லா இருந்தா என்னங்க, நான் உங்கறேன்ல. நான் ஒரு நாளாவது கொறை சொன்னேனா?

அதை விடுங்க.

மூணு நாளுங்க. காத்தால ஒம்பது மணிக்கு ஷெட்டுக்குள்ள போனா பொழுது எறங்கறப்பதான் வெளிய வருவேன். மோட்டாரைத் தெறந்து ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்தேன், பெல்ட்டு ஒழுங்கா கீழ் பாத்து ஓட ஆரம்பிச்சுது. இந்தப் புல்லிங்களைப் போட்டேன், வேகம் ரெண்டரை மடங்கு ஏறிருச்சு. பெல்ட்டுக்குப் பின்னால இருந்த பழைய தகட்டைக் கழட்டிட்டு இதை வெச்சேன். புதுப் பெல்ட்டு மாட்டுனேன், நல்ல முரடு. ஆணியில தொங்குன அந்தத் தேஞ்ச பெல்ட்டையெல்லாம் குப்பையோட போட்டுக் கொளுத்துனேன். நாத்தம் அடிச்சுது பாருங்க, பக்கத்து ஊட்டம்மா வந்து எட்டிப் பாத்தா. கடைசி நாள் மெஷினுக்குப் பச்சைப் பெயிண்டு. ரெண்டு கோட்டு.

சுவிட்சைப் போட்டு நின்னு பாத்தேன். சும்மா விர்ருன்னு நிக்குது. மில்லுல இத்தனை வருசம் பண்ணுன வேலையில ஒண்ணுகூட என்ற கண்ணுக்கு அத்தனை அழகாத் தெரியலீங்க. அதெல்லாம் அடுத்தவன் மெஷினு. இது என்ற தங்கச்சிக்குப் பண்ணுனது.

போன் பண்ணிச் சொல்லலை. சொல்லிட்டா என்ன ருசி இருக்குது? அவளா வந்து, பாத்து, அண்ணான்னு கூப்புடட்டும்னு கதவைப் பூட்டிட்டு வந்துட்டேன். திங்கக்கிழமை ராத்திரி அவ ஊடு வந்து சேந்துட்டா. செவ்வாக்கிழமை காத்தால ஏழரை மணிக்குப் போன் வந்துச்சு. அவ நம்பருதான். நான் எடுக்கறப்பவே சிரிச்சுட்டனுங்க. "என்ன அம்மிணி, பாத்துட்டியா"ன்னேன்.

பேசுனது பக்கத்து ஊட்டம்மா.

அவ எப்படி வேலை செய்வான்னா, ரெண்டு கையிலயும் கத்திரியைப் புடிச்சுக்கிட்டு முழங்கையில சுவிட்சைத் தட்டுவா. பழக்கம். தட்டிட்டுக் கத்திரியைக் கூரு மேல பாக்கப் பெல்ட்டுல வெச்சிருக்கறா. கீழ் பாத்து வந்த பெல்ட்டு கூருல குத்தி, கத்திரியைப் புடுங்கி, இடது கையில அடிச்சிருக்குது. பெருவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவால. டைலர் கத்திரிங்க, ஒரு முழ நீளம்.

தையல் போட்டாங்க. நரம்பு போயிருச்சுன்னு உள்ள ஒரு ஆபரேசன் பண்ணுனாங்க. இப்ப அந்த ஆள்காட்டி வெரல் மடங்கறதில்லை. வலது கை நல்லாத்தானே இருக்குது? எழுதறது, உங்கறது எல்லாம் வலது கைதானே? அதை ஒருத்தரும் சொல்றதில்லைங்க. ஒறம்பரை, சொந்தம் பூரா என்ன பேசறாங்க தெரியுமா, "அண்ணன்காரனே தங்கச்சி கையை அறுத்துட்டான்". அறுத்துட்டான். நான் என்ன கத்தியைத் தூக்கிட்டா போனேன்? பொறியும் தூளும் அவ மூஞ்சிக்குப் போகக்கூடாதுன்னு மூணு நாள் சோறு தண்ணியில்லாம நின்னவனுங்க நானு. மெஷினு பச்சையா இருக்குது. சத்தம் வேற மாதிரி வருது. கண்ணு தெரியலியா, காது கேக்கலியா? சித்த நேரம் நின்னு பாத்துட்டுக் கத்திரியை வெச்சிருந்தா என்னவாம்?

இதையே ஆஸ்பத்திரி வராண்டாவுலயும் கேட்டேன். அங்க சலீம் பாயின்னு ஒருத்தர் நின்னுட்டு இருந்தாரு, அவ வீதியில மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கறவரு. அவர் எனக்குச் சொல்லிக் குடுக்கறாருங்க. "அந்த ஒயரை மாத்திக் குடுத்தது நான்தாங்க. அந்தம்மாதான் வந்து கேட்டாங்க. பெல்ட்டு மேல் பாத்து ஓடுனாக் கூரைத் தடவிட்டுப் போயிரும், கீழ் பாத்து ஓடுனாக் கூரு பெல்ட்டுல குத்தும், அதனால மாத்திக் குடுங்க பாய்னு கேட்டாங்க. தூளு மூஞ்சிக்கு வருமேம்மான்னேன், துண்டு கட்டிக்கறேன்னாங்க" அப்படீங்கறாரு. வேகத்தைக் கொறைச்சதும் அவளேதானாம். டிரிம்மரு தகடு மெல்லிசு, வேகமா ஓடுனாச் சூடேறிப் பதம் போயிருமாம். தேஞ்ச பெல்ட்டு கடைசியில கூருல நிக்கற இரும்புப் பிசிறை எடுக்கறதுக்காம். ஒரு பெல்ட்டு அந்தப் பதத்துக்குத் தேயறதுக்கு மூணு மாசம் ஆகுமாம். அதை அவ தங்கமாட்டம் சேத்தி வெச்சிருந்தாளாம்.

நான் கேட்டேன், "அப்ப அம்புக்குறி எதுக்குங்க போட்டிருக்கறான்? கம்பெனிக்காரன் முட்டாளா?"

"அவன் கம்பியும் தகடும் தேய்க்கறவனுக்குப் போட்டதுங்க. இந்தம்மா சாணையில்ல புடிக்கறாங்க" அப்படீன்னாரு. சொல்லிட்டு டீ வாங்கிட்டு வர்றேன்னு போயிட்டாரு. ரீவைண்டிங் கடைக்காரரு. மில்லு கேட்டையே பாத்திருக்க மாட்டாரு. அந்த டீயை நான் தொடலீங்க.

சரி, எல்லாம் இருக்கட்டும். அவ என்ன சொல்லியிருக்கோணும்? மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் தெறந்ததும், "ஏனுங்ணா இப்படிப் பண்ணீங்க"ன்னு ரெண்டு வார்த்தை வைஞ்சிருக்கலாம். நான் அம்புக்குறியைப் பத்திச் சொல்லியிருப்பேன், தூளைப் பத்திச் சொல்லியிருப்பேன். சண்டை போட்டு முடிஞ்சிருக்கும். அண்ணன் தங்கச்சின்னா அப்படித்தானே? அவ என்னைப் பாத்து, "சாப்டீங்களாண்ணா"ன்னு கேட்டா. அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் பண்ணி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு, "அந்தச் சாவியைக் குடுத்துட்டுப் போங்ணா"ன்னா. நான் வெச்சுட்டுத் திரும்பி வாசல் தாண்டறப்பதான் அந்தப் போன் பண்ணற பேச்சு.

ஒரு மாசம் நான் அந்தப் பக்கமே போகலை. ரோசமுங்க. அதுக்குள்ள ரெண்டு கம்பெனிக்காரன் வேற எடம் பாத்துட்டுப் போயிட்டான். பொறவு மனசு கேக்காம போனேன். போன் பண்ணாமத்தான் போனேன், இப்பவும் பண்ணறதில்லை. பெல் அடிப்பேன், வந்து தெறப்பா. "வாங்ணா"ம்பா. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டா, எல்லாம் பழையபடிதான். சோறு போடுவா. தொட்டி கழுவறேம்பேன், ஆள் வெச்சுக் கழுவியாச்சுங்ணாம்பா. பியூஸ் பாக்கறேம்பேன், எல்லாம் எரியுதுங்ணாம்பா. உண்டுட்டு உக்காந்துட்டு வந்துருவேன். ஒறம்பரைக்காரனாட்டம்.

இன்னைக்கும் அப்படித்தான் போனேன். கேட்டு தெறந்தே கெடந்துச்சு. பெல் அடிக்காம நேரா பின்னால ஷெட்டுக்குப் போயிட்டேன். அவ நின்னு ஓட்டிட்டு இருக்கறா. நான் மாட்டுனது ஒண்ணும் மெஷினுல இல்லை. பழைய புல்லி, பழைய தகடு, பெல்ட்டு மேல் பாத்து ஓடுது. பச்சைப் பெயிண்டு மட்டும் அப்படியே இருக்குது, அதைச் சொரண்ட முடியாதில்ல. மூடியில இருந்த அம்புக்குறியை அழிச்சுட்டு மேல் பாத்து ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்கறா, நகத்துக்குப் போடற செவப்புப் பாலீசுல. மடங்காத வெரலை நீட்டி வெச்சுக்கிட்டு, மத்த வெரல்ல டிரிம்மரைப் புடிச்சுக்கிட்டு ஓட்டறா. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டா. "உக்காருங்ணா, ரசத்துக்குத் தாளிச்சுட்டு வர்றேன்"னு அடுப்படிக்குப் போயிட்டா. அப்பத்தான் இந்தப் பையையும் எடுத்துக் குடுத்தா.

நான் தனியா நிக்கறேன். மெஷினைப் பாக்கறேன். பெல்ட்டு நடுவால நிக்கலீங்க. ஓரமா வந்து, உருளைக்கு வெளிய ஒரு நூல் அளவு நீட்டிக்கிட்டு நிக்குது. பெல்ட்டு நடுவுல நிக்கறதுக்குன்னே மேல ஒரு திருகு இருக்கும். அதை ஒழுங்கா வெக்கலை. எனக்குக் கை துறுதுறுங்குது. முப்பத்தி நாலு வருசப் பழக்கமுங்க, கோணலா ஒண்ணைப் பாத்துட்டு எப்படிப் போறது? திருகை அரைச் சுத்துத் திருப்புனேன். அரைச் சுத்துத்தான். சுவிட்சுகூடப் போட்டுப் பாக்கலை. அதுக்குள்ள அவ சாப்பிடக் கூப்புட்டா, போயிட்டேன்.

என்னங்க?

சொன்னனான்னா? எதுக்குங்க சொல்லோணும்? அரைச் சுத்துக்கு ஒரு மனு எழுதிக் குடுக்கோணுமா? நல்லதுக்குத்தானே பண்ணுனேன். நீங்களும் என்ற ஊட்டுக்காரியாட்டமே பேசறீங்க. உங்களுக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை செய்யறவரு நீங்க, பாத்தாலே தெரியுது. பெல்ட்டு நடுவால ஓடுனா ஒண்ணும் ஆகாதுங்க. ஒண்ணும் ஆகாது.

அது நடுவாலதான் ஓடும். அரைச் சுத்துக்கு நடுவால வந்துரும். ரொம்பப் போச்சுன்னா அந்தப் பக்கம் போயிரும். அந்தப் பக்கம் போனா ஃப்ரேமுல ஒரசும். ஒரசுனா அறுந்துரும், அறுந்தா அடிக்கும்.

மணி என்னங்க? ரெண்டே முக்காலா? சரியா மூணு மணிக்கு ஓட்ட ஆரம்பிப்பா. நாளைக்குத் திங்கக்கிழமை, கம்பெனிக்குக் குடுத்தாகோணும். முழங்கையில தட்டுவா. மூஞ்சியை நேராக் கொண்டு போய் வெச்சுக்கிட்டுத் தட்டுவா.

இருங்க, இந்தப் பையைச் சித்தப் புடிங்க. போனு உள் பாக்கெட்டுல இருக்குது.

ரிங்கு போகுது. எடுக்கலை. மெஷினு ஓடுனா அவளுக்குக் காது கேக்காதுங்க. எங்க வந்திருக்கறோம், அவினாசி தாண்டியாச்சா? தாண்டியாச்சு. எறங்கி எதுத்தாப்புல பஸ் ஏறுனாக்கூட முக்கா மணி நேரம் ஆகும். எடுக்கலீங்க. மறுபடி போடறேன். எடு அம்மிணி. எடு.

ஹலோ. மணி. நான்தான். இல்லை, பஸ்லதான் இருக்கறேன். ஓட்டிட்டியா? மெஷினை ஓட்டிட்டியான்னு கேக்கறேன். கேளு, ஓட்டாதே. நான், அந்தத் திருகு இருக்குதுல்ல, மேல. அதை நான் திருப்பிட்டேன். நீ அடுப்படியில இருக்கறப்ப. அரைச் சுத்து. ஆமா. நான்தான். ம். ம். சரி. எப்படிப் பாத்தே? ம். எல்லாத் தடவையுமா? சரி. மணி, ஒரு நிமிசம். வைய்யி. ரெண்டு வார்த்தை வைய்யின்னு சொல்றேன். ம். சரி.

வெச்சுட்டா.

பையைக் குடுங்க. வேண்டாம், கீழயே போடுங்க, கெடக்கட்டும்.

பாத்துட்டாளாம். நான் வாசலைத் தாண்டுனதுமே போய்ப் பாத்துட்டாளாம். அந்தப் பெல்ட்டு ஓரமா நின்னது தப்பில்லையாம். அவ தெரிஞ்சேதான் அப்படி வெச்சிருந்தாளாம். ஓரம் ஒரு நூல் வெளிய நின்னாத்தான் டிரிம்மரோட நுனி வரைக்கும் புடிக்க முடியுமாம். அரைச் சுத்து இல்லையாம், முக்காச் சுத்து திருப்பியிருக்கறனாம். திருப்பி வெச்சுட்டு, பாத்திரம் கழுவிட்டு இருந்தாளாம். அதான் போனை எடுக்கலையாம்.

எப்படிப் பாத்தேன்னு கேட்டேன். "நீங்க வந்துட்டுப் போனாக் கையில ஒரு சுத்துச் சுத்திப் பாக்காம நான் சுவிட்சு போடறதில்லீங்ணா"ன்னா. கோவமாச் சொல்லியிருந்தாத் தேவலைங்க. உலை கொதிச்சதும் அரிசி போடுவேங்கற மாதிரி சொன்னா. எல்லாத் தடவையுமான்னு கேட்டேன். ஆமாங்ணான்னா.

அஞ்சு மாசமா நானும் போயிட்டு வந்துட்டு இருக்கறேன். சோறு உண்டுட்டு, பஸ் ஏறி, சன்னலோரமா உக்காந்து, அவளுக்குக் கோவம் தீந்துருச்சு போலன்னு நெனைச்சுக்கிட்டே ஊருக்கு வந்துட்டு இருந்திருக்கறேன். அந்த நேரத்துல அவ ஷெட்டுக்குள்ள போய், அண்ணன் இன்னைக்கு என்ன பண்ணி வெச்சுட்டுப் போனாரோன்னு அந்தக் கையில பெல்ட்டைப் புடிச்சு மெதுவாச் சுத்திப் பாத்துட்டு இருந்திருக்கறா.

வைய்யின்னேன். "என்னத்துக்குங்ணா வையறது. சொல்லிட்டீங்கல்ல, அது போதும். பாத்துப் போங்க"ன்னு வெச்சுட்டா.

எனக்குக் கோவமுங்க. உடம்பு பூராக் கோவமா இருக்குது. அவ ஒரு வார்த்தை வைஞ்சிருந்தாத் திருப்பிச் சொல்றதுக்கு நான் எத்தனை வெச்சிருந்தேன். கம்பெனிக்காரன் போட்ட அம்புக்குறி, பொறி, தூளு, முப்பத்தி நாலு வருசம். ஆறு மாசமா வாயிலயே வெச்சிருந்தேன். இப்ப அதை நான் எவங்கிட்டப் போய்ச் சொல்றது?

நீங்க ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கறீங்க? பாத்தாப் பாருங்க. எனக்கு வெக்கமில்லை. என்ற தங்கச்சி கையை அறுத்தது நான்தானுங்க.